இன்றைக்குக் குழாயை எடுக்கலாமா?

திருச்சி மன்னார்புரம் ரவுண்டானாவில் இரவு பத்து மணிக்கு மேல் நின்றால், மதுரைச் சாலைப் பக்கமிருந்து 108 வண்டிகள் வரும் சத்தம் கேட்கும். துவரங்குறிச்சிக்கும் விராலிமலைக்கும் நடுவே நெடுஞ்சாலையில் அடிபட்டவர், வயல் வரப்பில் பாம்பு தீண்டியவர், பூச்சிமருந்து உடம்புக்குள் போனவர், மூச்சு வாங்கி உதடு நீலம் பாய்ந்த முதியவர் என்று யாராவது ஒருவர் உள்ளே இருப்பார். வண்டி புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகும், அல்லது ஊருக்குள் இருக்கும் ஏதாவதொரு தனியார் மருத்துவமனைக்குத் திரும்பும். அவர்களில் சிலருக்கு அன்றிரவே வாய்வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய் இறங்கி, வென்டிலேட்டர் என்ற சுவாசக் கருவியோடு இணைந்துவிடும். மறுநாள் காலை முதல், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரே கேள்விதான்: “மிஷினை எப்ப சார் எடுப்பீங்க?”

குழாய் போட வேண்டிய நேரம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். மூச்சு திணறுகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, நினைவு தப்புகிறது. யோசிக்க அவகாசமே இருக்காது. எடுக்க வேண்டிய நேரம் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவசரப்பட்டு எடுத்தால் சில மணி நேரத்தில் திரும்பப் போட நேரலாம். திட்டமிட்டு எடுத்தவர்களிலேயே பத்துக்கு ஒருவர் இருவருக்கு இப்படி நேர்கிறது; அவர்களிடையே இறப்பு விகிதமும் மிக அதிகம். தயங்கி வைத்திருந்தாலோ, நாளுக்கு நாள் நுரையீரலில் கிருமித் தொற்று ஏறும் ஆபத்து கூடுகிறது, தசை கரைகிறது, வீட்டு நகையும் அடகுக்குப் போகிறது.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வியைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. எடுக்கும் நாளை முன்கூட்டிச் சரியாகக் கணிக்க யாராலும் முடிந்ததில்லை. தினமும் சோதித்துப் பார்த்தவர்களே அந்த நாளைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த வேலைக்கு ஆங்கில மருத்துவம் வைத்த பெயர் ‘வீனிங்’. குழந்தைக்குத் தாய்ப்பாலை மறக்கடிப்பதற்கான சொல் அது. நம் வீடுகளில் வேப்பெண்ணெய் தடவியோ வேப்பிலையை அரைத்துப் பூசியோ கொஞ்சம் கொஞ்சமாக மறக்கடிப்பார்கள். கருவியையும் அப்படித்தான் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். நோயாளி கருவிக்குப் ‘பழகிவிட்டார்’ என்று இன்றைக்கும் வார்டுகளில் சொல்லக் கேட்கலாம். 1970களில் அதற்கேற்ற முறையும் வந்தது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை ஊதும் கருவியைப் பத்து, எட்டு, ஆறு, நான்கு என்று நாள்கணக்கில் இறக்கிக்கொண்டு வருவது, இடையிடையே நோயாளி தானே மூச்சு விடுவது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இந்த உவமை தீவிர சிகிச்சையை இருபது ஆண்டுகள் தவறான வழியில் நடத்தியது என்பது என் முடிவு.

ஏனென்றால் 1990களின் நடுவில் இரண்டு பெரிய ஆய்வுகள் அந்த முறையைப் பரிசோதித்தன. 1994இல் பிரான்சைச் சேர்ந்த லோரான் ப்ரோஷாரின் குழு, 1995இல் ஸ்பெயினின் ஆந்திரேஸ் எஸ்தெபானின் குழு. எந்த முறை சிறந்தது என்பதில் இருவரும் வேறுபட்டார்கள். எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைக்கும் பழைய முறைதான் எல்லாவற்றிலும் மெதுவானது என்பதில் ஒன்றுபட்டார்கள். எஸ்தெபான் ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொரு எண். அதில் சேர்ந்த 546 பேருக்கும் முதலில் கருவியின் உதவியை விலக்கி இரண்டு மணி நேரம் வரை தானே மூச்சு விடச் சொன்னார்கள். 416 பேர் முதல் முயற்சியிலேயே தேறிக் குழாயிலிருந்து விடுபட்டார்கள். நான்கில் மூவருக்கு மறக்கடிக்க ஒன்றுமே இல்லை. அவர்களுடைய நெஞ்சு தயாராகவே இருந்தது, யாரேனும் கேட்க வேண்டியிருந்தது. முதல் முயற்சியில் திணறிய 130 பேரிலும், நாளுக்கு ஒருமுறை அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்கள் பழைய முறையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாக விடுபட்டார்கள்.

சோதிக்காமலேயே கணித்துவிட முடியுமா என்ற ஆசை அதற்கும் பழையது. 1973இல் அமெரிக்காவில் சான், லட்சுமிநாராயண் என்ற இரு மருத்துவர்கள் கட்டிலருகே அளக்கக்கூடிய சில அளவுகோல்களை வகுத்தார்கள்: நிமிடத்துக்கு உள்ளே போய்வரும் காற்று பத்து லிட்டருக்குக் குறைவாக இருக்கிறதா, முயன்றால் அதை இரட்டிப்பாக்க முடிகிறதா, உள்ளிழுக்கும் விசை எவ்வளவு. 1991இல் யாங், டோபின் இருவரும் அதைவிட எளிதான ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒவ்வொரு மூச்சிலும் எத்தனை லிட்டர் காற்று என்பதால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 24 மூச்சு, ஒவ்வொன்றிலும் 400 மில்லி என்றால் விடை 60. மூச்சு 35, காற்று 250 மில்லி என்றால் 140. விடை 105க்கு மேல் போனால் தாங்கமாட்டார், கீழே இருந்தால் தாங்குவார் என்பது கணக்கு. இதன் அழகு எளிமையில் இருக்கிறது. இளைத்த உடம்பு மேலோட்டமாகவும் வேகமாகவும் மூச்சுவிடும் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்ததே.

ஆனால் அந்த எண் ஒரு பக்கம்தான் நன்றாக வேலை செய்தது. 105ஐத் தாண்டியவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள், சரி. தாண்டாதவர்களிலும் கணிசமானோர் தோற்றார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ குறியீடுகள் வந்தன. உதரவிதானத்தின் அசைவை அல்ட்ராசவுண்டில் பார்ப்பதுவரை வந்துவிட்டோம். ஒன்றுகூடச் சோதனையின் இடத்தைப் பிடிக்கவில்லை.

எவ்வளவு தாமதிக்கிறோம் என்பதற்கு ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் சிலர் கைக்கட்டை அவிழ்த்துத் தாங்களே குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் திரும்பக் குழாய் தேவைப்படுவதில்லை. பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. அந்தப் பாதிப்பேர் நேற்றோ முந்தாநாளோ தயாராகிவிட்டவர்கள். 2023இல் வெளியான ‘வீன் சேஃப்’ என்ற பன்னாட்டு ஆய்வு 50 நாடுகளில் 5,869 பேரைத் தொடர்ந்து பார்த்தது. 90 நாளுக்குள் கருவியிலிருந்து வெற்றிகரமாக விடுபட்டவர்கள் 65 சதவீதம். தகுதி வந்த பிறகும் ஐந்து நாளோ அதற்கு மேலோ முயற்சியே செய்யாமல் கிடந்தவர்கள், முயற்சி செய்யப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகம். தாமதத்தோடு சேர்ந்து காணப்பட்டவற்றில் முக்கியமானது ஆழ்ந்த மருந்து மயக்கம்.

ஆகவே மயக்க மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொண்டையில் குழாயோடு விழித்திருப்பது வேதனை. மருந்து கொடுப்பது கருணைதான். ஆனால் அது பெரும்பாலும் பழக்கத்தால் நீள்கிறது. ஒரு செவிலியர் நான்கு கட்டிலைப் பார்க்கும் இடத்தில், அசையாமல் கிடக்கும் நோயாளி பாதுகாப்பானவராகத் தெரிகிறார். 2000இல் சிகாகோவில் ஜான் க்ரெஸ்ஸின் குழு 128 பேரை வைத்து ஓர் எளிய காரியம் செய்தது: தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி, அவர் கண் விழிக்கிறாரா என்று பார்த்தது. கருவியில் இருந்த நாட்களின் நடு அளவு 7.3இலிருந்து 4.9க்கு இறங்கியது. 2008இல் திமோத்தி ஜிரார்டும் உடன் பணியாற்றியவர்களும் 336 பேரிடம் இரண்டையும் இணைத்தார்கள். காலையில் முதலில் எழுப்புவது, எழுந்ததும் தானே மூச்சுவிடச் சொல்வது. கருவியில்லா நாட்கள் கூடின. அதற்கும் மேலாக, அப்படிச் சிகிச்சை பெற்ற ஒவ்வொரு ஏழு பேருக்கும் ஓர் உயிர் ஓராண்டு முடிவில் கூடுதலாக மிஞ்சியது. தீவிர சிகிச்சையில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிர் காத்த வேறொன்றை நான் அறியேன்.

மூச்சின் வேலையைக் கருவி முழுக்கத் தன்மேல் போட்டுக்கொண்டால் உதரவிதானம் என்ன ஆகிறது என்பதையும் அதே 2008இல் கண்டார்கள். மூளைச்சாவு அடைந்து உறுப்புத் தானம் செய்த 14 பேரின் உதரவிதானத் தசையை ஆராய்ந்தபோது, 18 முதல் 69 மணி நேரம் சும்மா இருந்ததிலேயே தசைநார்களின் பருமன் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. கைகால் மெலிவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது.

சோதனை எப்படி நடக்கிறது? முதலில் தகுதி. குழாய் போடவைத்த நோய் தணிந்திருக்க வேண்டும். கருவி கொடுக்கும் ஆக்சிஜன் நாற்பது ஐம்பது சதவீதத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். இரத்த அழுத்தத்தை நிறுத்திப் பிடிக்கும் மருந்து இல்லாமலோ மிகக் குறைவாகவோ ஓட வேண்டும். கூப்பிட்டால் கண் திறக்க வேண்டும். பிறகு கருவியின் உந்துதலைக் குழாயின் தடையை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் வைத்தோ, கருவியைக் கழற்றி ‘டி-பீஸ்’ என்ற டி வடிவக் குழாயில் ஆக்சிஜன் மட்டும் ஓடவிட்டோ, அரை மணி நேரம் பக்கத்தில் நிற்பது. முன்பு இரண்டு மணி நேரம் நிற்பார்கள். 1999இல் எஸ்தெபானின் குழுவே அரை மணி போதும் என்று காட்டியது. 2019இல் ஸ்பெயினில் 1,153 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு மணி நேர டி-பீஸைவிட அரை மணி நேர இலேசான உந்துதலோடு சோதித்தவர்களே அதிகம் தேறினார்கள்: 82க்கு 74 சதவீதம். கடுமையான தேர்வு நல்ல தேர்வு என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது ஒரு பாடம்.

அந்த அரை மணியில் திரையை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். மூச்சு 35ஐத் தாண்டுகிறதா, நாடி 140ஐத் தொடுகிறதா என்று திரை சொல்லும். நெற்றியில் வியர்வை முத்து கோப்பதையும், மூக்கு விடைப்பதையும், கழுத்து நரம்பும் தசையும் தெறிப்பதையும், நெஞ்சு ஏறும்போது வயிறு உள்வாங்குவதையும், கண்ணில் பயம் வருவதையும் கட்டிலருகே நிற்கும் ஆள்தான் பார்க்க வேண்டும். இந்தத் துறை பிறந்ததே அப்படித்தான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய் பரவியபோது, ப்ளெக்டாம் மருத்துவமனையில் ப்யோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் 12 வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் துளையிட்டு ரப்பர் பையால் கையாலேயே காற்று ஊதிக் காப்பாற்றினார். பிறகு ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து மாதக்கணக்கில் நோயாளிகளுக்குப் பை அழுத்தினார்கள். பையைப் பிடித்த கைக்கு நோயாளியின் சொந்த மூச்சு திரும்புவது தெரியும். எதிர்ப்பாக ஓர் இழுப்பு வரும், பை தானே சுருங்கும். இன்று அந்தக் கை இல்லை. அதற்குப் பதிலாக யாராவது நின்று பார்க்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். கருவியை எடுப்பதும் குழாயை எடுப்பதும் இரண்டு கேள்விகள். நெஞ்சுக்குப் பலம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. தொண்டையைக் காத்துக்கொள்ளத் தெரிகிறதா என்பது இரண்டாவது: சளியை இருமித் துப்ப முடியுமா, எச்சிலை விழுங்க முடியுமா, குழாய் அழுத்திய இடம் வீங்கி அடைத்துக்கொள்ளாதா. வீக்கத்தைப் பார்க்கக் குழாயின் நுனியிலுள்ள சிறு பலூனைத் தளர்த்தி, பக்கவாட்டில் காற்று கசிகிறதா என்று கேட்பார்கள். கசியாவிட்டால் சில மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு எடுப்பது வழக்கம். இருமலுக்கு ஒரு நேர்த்தியான சோதனை உண்டு. குழாயின் வாய்க்கு ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, மூன்று நான்கு முறை இருமச் சொல்ல வேண்டும். அட்டை நனையாவிட்டால் குழாய் எடுத்தபின் தோற்கும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று 2001இல் கண்டார்கள். ஒரு அட்டைத் துண்டு போதும். லால்குடி அரசு மருத்துவமனையிலும் இருக்கும்.

இனி நம் மண்ணுக்குரிய விஷயம். மேலை நாட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் நிமோனியாவும் இதயமும் அறுவைச் சிகிச்சையும்தான் நோயாளியைக் கருவிக்குக் கொண்டுவருகின்றன. காவிரிப் படுகையில் அதோடு பூச்சிமருந்தும் பாம்பும் சேர்கின்றன. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் போனால் முதல் நாளில் எச்சிலும் சளியும் பெருகும், கண்மணி சுருங்கும். அட்ரோபின் கொடுக்கக் கொடுக்க அது அடங்கும். நோயாளி விழித்துவிடுவார், பேச முயல்வார், நெஞ்சு சுத்தமாக இருக்கும். குழாயை எடுத்துவிடலாம் என்று தோன்றும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

அதற்குப் பெயரிட்டவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். இலங்கையின் நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த இருவரும் 1987இல் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். விஷம் போன 24 முதல் 96 மணி நேரத்துக்குள், முதல் அலை அடங்கிய பிறகு, இரண்டாவதாக ஒரு தசைச் சோர்வு வருகிறது. கழுத்து, தோள், தொடை, முகத்து நரம்புகள், கடைசியில் மூச்சுத் தசை. ‘இடைநிலை நோய்க்குறி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இதில் அட்ரோபின் உதவாது. நாட்கள்தான் உதவும், அந்த நாட்களுக்குக் கருவி வேண்டும்.

அந்தச் சோர்வு முதலில் தலைகாட்டுவது கழுத்தில். ஆகவே பூச்சிமருந்து நோயாளியிடம் எந்த எண்ணையும் பார்க்கும் முன் ஒன்று கேட்க வேண்டும்: “தம்பி, தலையணையிலிருந்து தலையத் தூக்குங்க பாப்போம்.” தூக்கி நான்கைந்து வினாடி நிறுத்தினால் நல்லது. தாடை மட்டும் அசைந்து தலை எழாவிட்டால், அன்று காலை அவருடைய மூச்சு எண்ணிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் குழாய் அங்கேயே இருக்கட்டும். 105 என்ற எண்ணைக் கண்டவர்களிடம் இப்படிப்பட்ட நோயாளிகள் இல்லை. எந்த அளவுகோலும் தான் பிறந்த வார்டின் மணத்தோடுதான் வரும். அதை நம் வார்டில் வைக்கும்போது நம் நோயைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

பாம்புக் கடியும் இதே பாடத்தை வேறு வகையில் சொல்கிறது. நல்ல பாம்பின் நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைப் பூட்டுகிறது. விஷமுறிவு மருந்தும் நியோஸ்டிக்மினும் அந்தப் பூட்டைப் பெரும்பாலும் திறந்துவிடும், சில சமயம் ஒரே நாளில் குழாயை எடுத்துவிடலாம். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் சேகரித்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்து செய்யப்படும் மருந்தே பல உயிர்களைக் காக்கிறது. ஆனால் சிதைந்த நரம்பு முனை மறுபடி முளைக்க அந்த மருந்தாலும் வழியில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நாட்களில் நோயாளியின் இமை திறக்காது, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும், விரல் அசையாது. பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். உள்ளே அவர் விழித்திருக்கலாம், பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவசரப்பட்டு நம்பிக்கையைக் கைவிடக் கூடாத நோய்களில் இது முதலாவது. இமை திறப்பதும் தலை எழுவதும்தான் இங்கே மூச்சுக்கு முன்னோடி.

நெடுஞ்சாலையில் தலையில் அடிபட்டவர்களிடம் கேள்வி தலைகீழாகிறது. நெஞ்சு பலமாக இருக்கும், நினைவு தெளிந்திருக்காது. முழு நினைவு வரும்வரை குழாயை வைத்திருப்பதே பாதுகாப்பு என்பது பழைய எண்ணம். 2000இல் வெளியான கோப்லினின் ஆய்வு அதை அசைத்தது: இருமலும் சளி வெளியேற்றமும் நன்றாக இருந்தால், நினைவு மங்கலாக இருந்தாலும் பலர் குழாய் இல்லாமல் சமாளித்தார்கள், காக்கவைக்கப்பட்டவர்களுக்கு நிமோனியாதான் கூடியது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. மூன்றாம் நாள் முதல், தனியார் மருத்துவமனையில் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பத்துக்குத் தேவையில்லாத ஒவ்வொரு குழாய் நாளும் கைக்காசு.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெரியவர்களிடம் வேறொரு பொறி இருக்கிறது. நுரையீரல் தேறிவிட்டது, சோதனையும் பத்து நிமிடம் நன்றாகப் போகிறது, பிறகு திடீரென்று மூச்சு வாங்குகிறது. குற்றவாளி பல சமயம் இதயம். கருவியின் அழுத்தம் விலகியதும் நெஞ்சுக்குள் இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, பலவீனமான இதயம் அதைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கிறது. 1988இல் பிரான்சின் லெமேர் குழு இதை இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளந்தே காட்டியது. இவர்களுக்குத் தேவை இன்னொரு வாரம் கருவி அல்ல. ஏற்றிய டிரிப்ஸைச் சிறுநீராக வெளியேற்றுவது.

எடுத்த பிறகு என்ன என்பதில் கடந்த பத்தாண்டுகள் நன்மை செய்திருக்கின்றன. மூக்கு வழியாக வேகமாகச் சூடான ஈரக் காற்றைச் செலுத்தும் கருவியும், இறுக்கமான முகக்கவசம் மூலம் உந்தும் கருவியும், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு எடுத்த உடனே தொடங்கினால் மறுபடி குழாய் போடுவதைக் குறைக்கின்றன. எச்சரிக்கை ஒன்று: திணறத் தொடங்கிய பிறகு முகக்கவசத்தைப் போட்டு நேரம் கடத்தக் கூடாது. 2004இல் 221 பேரிடம் நடந்த ஆய்வில் அப்படிச் செய்தவர்களிடையே இறப்பு 25 சதவீதம், செய்யாதவர்களிடையே 14. தோல்வியை ஒப்புக்கொள்ளும் வேகமும் இந்தக் கலையின் பகுதி.

எல்லாம் முயன்றும் விடுபடாதவர்களுக்குத் தொண்டையில் துளை. “தொண்டையில ஓட்டை போடணும்ங்கறாங்க” என்று வீட்டுக்குப் போன் போகும்போது அது மரண அறிவிப்புபோல் ஒலிக்கிறது. உண்மையில் வாய்க்குழாயைவிட அது வசதி. மயக்க மருந்தைக் குறைக்கலாம், உட்கார வைக்கலாம், தினமும் பகலில் சில மணி நேரம் கருவியைக் கழற்றிப் பழக்கலாம், தேறியதும் துளை மூடிக்கொள்ளும். மறக்கடித்தல் என்ற பழைய உவமை பொருந்துவது இந்தச் சிறுபான்மையினருக்குத்தான். 2011இல் ஸ்ரீரங்கத்தில் வென்று முதல்வரான ஜெ. ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22இல் சென்னையில் மருத்துவமனைக்குச் சென்றபோது தமிழ்நாடு முழுவதும் இந்தச் சொற்களைக் கற்றது. தொண்டைத் துளை வழியாகச் சுவாச உதவி, பிசியோதெரபி, பெரும்பாலான நேரம் தாமே மூச்சு விடுகிறார் என்ற அறிவிப்பு, நவம்பர் 19இல் தனி அறைக்கு மாற்றம், டிசம்பர் 4இல் இதயம் நின்றது, மறுநாள் மரணம். அந்த 75 நாட்களைச் சுற்றி எத்தனையோ பேச்சு எழுந்தது. மருத்துவமாக மட்டும் பார்த்தால், நெடுநாள் கருவியில் இருந்தவரின் பாதை நேர்கோடாக ஏறுவதில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி. மூச்சு தேறிவிட்டது என்பதும் உடம்பு தேறிவிட்டது என்பதும் வேறுவேறு.

“மிஷினை எடுத்துடுங்க” என்ற சொல்லுக்கு நம் ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. இனி மீளமாட்டார் என்று தெரிந்து, வீட்டில் வைத்து உயிர் போகட்டும் என்று குடும்பம் கேட்பது. தேறியவரிடமிருந்து எடுப்பதையும் மீளாதவரிடமிருந்து எடுப்பதையும் ஒரே சொல்லால் பேசுவதால் வரும் குழப்பம் பெரிது; சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் மகளிடம் மருத்துவர் “நாளைக்கு எடுத்துப் பாக்கலாம்” என்றால் அவள் எதைப் புரிந்துகொள்வாள்? இரண்டாவதற்கு 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது, 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. மருத்துவக் குழு கூடி முடிவெடுக்க வேண்டிய காரியம் அது. முதலாவது தினசரி வேலை. இரண்டையும் தனித்தனி வார்த்தையில் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

அதோடு சந்தேகம். ‘ரமணா’ படம் 2002இல் வந்தது முதல், காசுக்காகக் கருவியை ஓட்டுகிறார்கள் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் படிந்துவிட்டது. தேவைக்கு மேல் நீளும் கருவி நாட்களுக்குப் பெரும்பாலும் காரணம் பேராசை என்று நான் நம்பவில்லை. யாரும் அந்த நாளில் கேள்வியைக் கேட்காததே காரணம். 1996இல் வெஸ்லி ஈலியின் குழு 300 பேரிடம் நடத்திய ஆய்வு இதைத்தான் காட்டியது. தினமும் காலையில் நோயாளியைச் சோதித்து, தேறியவர் பெயரை மருத்துவரிடம் சொன்னார்கள், அவ்வளவே. கருவி நாட்கள் ஆறிலிருந்து நாலரைக்கு இறங்கின, சிக்கல்கள் பாதியாயின. கொரோனாக் காலத்தில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க 2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியம் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. கருவிகள் மாவட்டங்களுக்கு வந்தன. ஒரு வென்டிலேட்டருக்கு ஒரு செவிலியர் என்ற அளவுகோல் இன்னும் காகிதத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மயக்க மருந்தை நிறுத்தி, ஏழு மணிக்குச் சோதனையைத் தொடங்கி, ஏழரை வரை கட்டிலைவிட்டு நகராமல் நிற்கும் ஒரு செவிலியருக்கு அரசு கொடுக்கும் சம்பளம், எந்தக் கருவியின் விலையைவிடவும் அதிக நாட்களை மிச்சப்படுத்தும்.

வெளியே காத்திருக்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பார்வையாளர் நேரத்தில் மருத்துவர் வரும்போது “எப்ப எடுப்பீங்க” என்று கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் நேர்மையான பதில் இருக்காது. “இன்னைக்கு மயக்க மருந்த நிறுத்திப் பாத்தீங்களா? தானா மூச்சு விடவெச்சுப் பாத்தீங்களா? பாத்ததுல என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையும் போய் அதையே கேளுங்கள்.